மூன்று பலகையும் முப்பது வருட நிறமும்

வாஷிங் மெஷின் ஒழுகி ஊறிக் கெட்டுப்போன மூன்று பலகைகளையும் மாற்றியாகிவிட்டது. சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கூடத்தின் பழைய மரத்தரை கரும்பழுப்பு. நடுவே புதுப் பலகை மூன்றும் பளீரென்று பல்லிளித்தன.

"ரெண்டும் ஒரே தேக்குதான் சார். நாளானா தானா சேர்ந்துக்கும்," என்றார் தச்சர்.

"எத்தனை நாள்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு பத்து வருஷம்."

அவருடைய அக்கா வருவதோ ஞாயிற்றுக்கிழமை.

முப்பது வருடத்துக்கு முன் அப்பா தன் கையால் இழைத்துப் போட்ட தரை அது. வீட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தபோது அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்தத் தரையில ஒரு பலகை கெட்டாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்டா." அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் தம்பி பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். "நிறம் சேர்க்கிறது எனக்கா தெரியாது?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார்.

வியாழக்கிழமை தேயிலைச் சாயம் பூசினார். பலகை மஞ்சளித்தது. வெள்ளிக்கிழமை கடையில் வாங்கிய மரச்சாயம். செக்கச்செவேலென்று ஆனது. அதைத் தேய்த்து எடுக்கப் போய், உப்புத்தாள் பட்டுப் பக்கத்துப் பழைய பலகையின் ஓரமும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துவிட்டது. பதறிப்போய் அங்கேயும் பூசினார். இப்போது கெட்டது மூன்றேகால் பலகை.

"மொத்தத் தரையையும் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தா என்னங்க?" என்றாள் மனைவி.

"சோப்பா! பட்டா நிறம் போயிடும்னு எத்தனை தடவை சொல்றது? வெறும் ஈரத்துணிதான். முப்பது வருஷத்து நிறம், கடையில விக்கிறதில்ல."

சனிக்கிழமை, பழுப்பு ஷூ பாலிஷில் அடுப்புக்கரியைக் குழைத்து, முட்டி வலிக்க வலிக்கத் தேய்த்தார். பொருந்திவிட்டது! நிறம் அழியாமலிருக்க மேலே இரண்டு பூச்சு வார்னிஷ்.

"எந்த மூணுன்னு நீயே காட்டு பார்ப்போம்."

மனைவி குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கூடத்தில் இரண்டு நடை நடந்தாள். பிறகு காபி கேட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. நிம்மதியாகக் காய்கறி வாங்கக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு வாளி நிறையக் கன்னங்கரேலென்று தண்ணீர் இருந்தது. உள்ளே அக்கா கையில் பிரஷ்ஷோடு மண்டியிட்டிருந்தாள். நேற்று இழைத்தது போலக் கூடமே பளீரென்று வெளிர்மஞ்சளாகக் கிடந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அப்பா போட்டப்ப இப்படித்தான்டா இருந்துச்சு." அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "அத்தனையும் அழுக்கு. சோப்பு பட்டதும் விட்டுடுச்சு."

பிறகு பிரஷ்ஷை நடுக்கூடத்தில் இன்னும் கரும்பழுப்பாகவே இருந்த இடத்தை நோக்கி நீட்டினாள்.

"அது சரி, இந்த மூணு பலகையை மட்டும் எந்தப் பாவிடா கெடுத்தான்?"