பச்சையாக்கும் செல்வதாஸ்

பச்சையாக்கிகள் என்றொரு இனம் இப்போது ஆபீசுகளில் பெருகிக் கிடக்கிறது. ஓட்டை எங்கே என்று கேளுங்கள், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்கள். திரையில் சிவப்பாகக் கிடந்தது பச்சையாகிவிட்டால் அவர்கள் கணக்கில் ஓட்டை அடைபட்டாயிற்று.

குலசேகரத்துப் பக்கம் ஒரு ரப்பர் பால் கம்பெனியில் இருக்கும் செல்வதாஸைப் பாருங்கள். நெய்யூர்க்காரர், இரண்டு பட்டம், கழுத்தில் அட்டை. கம்பெனியின் சட்டதிட்டம், நிர்வாக ஒழுங்கு, ஆபத்து எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளுக்கு அவர்தான் காவல். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எந்த வால்வு கசிகிறதென்று மூக்கை வைத்தே கண்டுபிடித்து, கையோடு மாற்றி, இதே ரப்பர் தொழிலில் மூன்று ஷெட் எழுப்பியவன். செல்வதாஸுக்கு மூக்கு தேவைப்படவில்லை.

பால் கெடாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள். அந்தக் குழாயின் வால்வு கசிகிறது, கண் எரிகிறது என்று பக்கத்தில் வேலை செய்யும் செசிலி வந்து சொன்னாள். செல்வதாஸ் சும்மா இருந்தாரா? பாவம், அப்படிச் சொல்லக்கூடாது. உடனே பதிந்தார், படம் ஏற்றினார், சிவப்புப் புள்ளி விழுந்ததும் காலண்டரைப் பார்த்தார், ஏனென்றால் வெள்ளிக்கிழமை முதலாளிமார் அந்தத் திரையைப் பார்ப்பார்கள். ஆபத்துக்கு ஒரு பொறுப்பாளர் பெயர் போட்டாக வேண்டும். யாரைப் போடுவது? எதிரே இல்லாதவனைத்தான், அவன்தானே மறுத்துப் பேசமாட்டான். ஃபிட்டர் ஆபேல் வேலையை விட்டு மஸ்கட் போய் எட்டு மாதம். பெயர் மட்டும் பட்டியலில் கிடந்தது. வால்வு அவன் தலையில் விழுந்தது.

பொறுப்பாளருக்கு மென்பொருள் தானாக அனுப்பும் எச்சரிக்கையில், மஸ்கட்டில் ஆபேலின் போன் நாள் தவறாமல் அலறியது. பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டான்.

"லேய் செல்வதாசு, இது என்னவாக்கும், தெனமும் கெடந்து அடிக்குது?"

"ஒண்ணும் இல்ல மக்கா. அடியில ஒரு பட்டன் கெடக்கும், அமுக்கி விடு."

அமுக்கினான். பொறுப்பாளர் கவனித்துவிட்டதாகப் பச்சை விழுந்தது.

செசிலி மறுபடி வந்தாள். சரியாகிவிட்டதே என்று செல்வதாஸ் திரையைக் காட்டினார்.

"அப்போ என் கண்ணு எதுக்கு சாரே எரியுது? கம்ப்யூட்டர எடுத்துட்டு நீரு அங்ஙன வந்து இரியும். நான் இங்ஙன இருக்கேன்."

மூன்றாம் வாரம் செசிலியின் பக்கத்தில் நின்ற ஜினிஷா மூச்சு முட்டிச் சாய்ந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, செசிலி மெஷினை நிறுத்தினாள். பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே போய் நின்றார்கள். வேலை நின்றதும் முதலாளிக்குக் கேட்டது. அவர் போன் போட, பெனிஷ் என்ற மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினான். அரைமணி நேரம். புது வால்வு.

செல்வதாஸ் மனம் உடைந்துபோனார். கேட்காமல் மெஷினை நிறுத்தியிருக்கிறாள், வால்வு மாற்ற அனுமதி இல்லை, கொட்டேஷன் இல்லை, வெளி ஆள் வேறு. திரையில் நாலு சிவப்பு. கசிந்த நாளெல்லாம் பச்சை, அடைத்த அன்று சிவப்பு! செசிலியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"கண்ணு இப்போ எரியல்ல சாரே. அத எழுதிக்கிடும்."

திரையில் மேலும் கீழும் தேடினார். அதை எழுத அதில் கட்டம் இல்லை.

சிரித்தாயிற்றா? உங்கள் அடுக்களையில் கேஸ் குழாய் விரிசல் விட்டிருக்கிறதென்று வீட்டில் சொன்னார்களே, என்ன செய்தீர்கள்? கடைக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினீர்கள், இரண்டு நீல டிக் விழுந்தது, நிம்மதியாக மறந்துபோனீர்கள். போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அதுவரை அடுப்பை மட்டும் மூட்டிவிடாதீர்கள்.