சந்தனம் பூசாத தலைகள்

திருத்தணிக்கு வருகிற எல்லோரும் தலையைத் தூக்கி மலையைப் பார்ப்பார்கள். மூன்று ஆடிக் கிருத்திகைகளை இந்த ஊரில் கண்டும், மலையை நிமிர்ந்து பார்க்காமல் எதிரே வருகிறவரின் உச்சந்தலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் பஞ்சு டாக்டர்தான்.

முகம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தெருவில் வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். கொஞ்சம் குனிந்து தலையைக் காட்டினால், "அட, நீங்களா! ரெட்டைச் சுழி" என்று முகம் மலர்வார். ஒரு கல்யாணத்தில் தலைப்பாகை கட்டியிருந்த மாப்பிள்ளையிடம், தினமும் தனக்கு டீ போட்டுத் தருகிறவர் அவர்தான் என்பது தெரியாமல், எந்த ஊர் என்று விசாரித்தவர்.

சட்டைப் பையில் எப்போதும் நுனியில் பஞ்சு சுற்றிய குச்சிகள் இருக்கும். அதனால் அந்தப் பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நுண்ணுயிர்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஓர் இடத்தில் எத்தனை வகைக் கிருமிகள் வாழ்கின்றன, யார் முதலில் குடியேறினார்கள், யார் யாரை விரட்டினார்கள் என்பதுதான் அவர் படிப்பு. நான் பல்லவர், சோழர் என்று வருடக் கணக்கோடு படிப்பதை அவர் கண்ணுக்குத் தெரியாத ஜனங்களை வைத்துப் படித்தார். இதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போயிற்று.

முதலில் வயல் சேற்றில் கிருமி தேடிக்கொண்டிருந்தார். பிறகு உப்பளத்தில். உறவுக்காரக் குழந்தையின் காதுகுத்துக்கு ஒரு மாசி மாதம் இங்கே வந்தவர், படியிறங்கி வந்த மொட்டைத் தலைகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். குழந்தைக்குக் காது குத்தும்போது மாமன் முறைக்கு இவரைத் தேடியிருக்கிறார்கள். இவர் அடிவாரத்தில் தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடலுக்குள்ள எரிமலை வெடிச்சு புதுசா ஒரு தீவு வந்தா, அதுல முதல்ல எந்த உயிர் குடியேறுதுன்னு பார்க்க கப்பல் பிடிச்சுப் போறாங்க சார். இங்க தினமும் தீவு தீவா மலையிலேர்ந்து இறங்கி வருது" என்று என்னிடம் சொன்னார். அடுத்த மாதமே எங்கள் தெருவில் மாடி போர்ஷனுக்குக் குடி வந்துவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி, சந்தனம். மொட்டை போட்ட சூட்டோடு எல்லோரும் தலையில் சந்தனத்தை அப்பிக்கொள்கிறார்கள். பூசிவிட்டால் தீவு கெட்டுப்போயிற்று. ஆகவே கத்திக்கும் சந்தனத்துக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் பஞ்சோடு ஓடுவார். நகரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தலையில் பின்னாலிருந்து பஞ்சை வைத்துவிட, அவர் திரும்பி, "நா தலதோ நீகேம் பனி?" என்றார். நாகர்கோவில்காரரான டாக்டருக்குத் தெலுங்கு தெரியாது. அனுமதி கிடைத்ததாக எண்ணி, காதுப் பக்கமும் துடைத்துவிட்டார். என் தலையோடு உனக்கென்ன வேலை என்று கேட்டவருக்கு நான்தான் போய்ச் சமாதானம் சொன்னேன்.

அப்படியே ஆய்வுக்கு மாதிரி கிடைத்தாலும் அடுத்த மாதம் அதே தலை வேண்டும். தீவுகளோ பஸ் ஏறிப் போய்விட்டன. உள்ளூர்த் தலைகளைத் தேடி என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்தில் யார் எந்தக் கிருத்திகைக்கு என்ன வேண்டுதலுக்கு முடி கொடுத்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அந்த ஆடிக் கிருத்திகைக்கு முடி கொடுக்கவிருந்தவர்களை நானே திரட்டிக் கொடுத்தேன். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருந்த தணிகாசலம் (மேலே சொன்ன மாப்பிள்ளை), அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற லோகநாதன், எங்கள் தெருக்கோடியில் இருக்கும், நடவுக்குப் போகிற மல்லிகா, இன்னும் சிலர். ஒரு தலை குறைந்ததால் நான்.

ஒரு வருடம் மாதாமாதம் மாடிக்குப் போய் வரிசையில் தலை குனிந்தோம். வழக்கமாகக் குளிக்கலாம், புதிதாக எதுவும் தேய்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

"உங்க தலையில ஒரு காடு உருவாகிட்டு இருக்கு" என்றார் தணிகாசலத்திடம்.

"ஊட்ல சொல்லிடாதீங்க சார். வெறகு பொறுக்க வந்துடுவா" என்றார் தணிகாசலம்.

கிருமி என்றால் நோய் மட்டுமில்லை, தலையில் இருப்பவை நமக்குக் காவல்காரர்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் விளக்குவார். எல்லோரும் ஆங், ஆங் என்று தலையாட்டுவார்கள். ஆட்டாதீர்கள், பஞ்சு நழுவுகிறது என்பார். ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை என்பது அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஆனி மாதத்தில். அவருடைய தலைமை விஞ்ஞானி சென்னையிலிருந்து வந்து, எல்லாத் தலைகளையும் நேரில் பார்த்து, கடைசி மாதிரியை எடுப்பதாக ஏற்பாடு. அது சரியாக அமைந்தால் ஆராய்ச்சி நிறைவேறும். இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். டாக்டர் பாவம், இதை வெள்ளந்தியாக எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

வந்த பெரியவர் மாடி ஏறி, முதல் தலையாகத் தணிகாசலத்தின் தலையருகே குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். அடுக்கடுக்காகத் தும்மினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அறை முழுக்க ஆஸ்பத்திரி வராண்டா வாசனை.

ஒரு வாரமாக என்னைத் தவிர எல்லோரும் தலையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, மருந்துக் கடையில் கிருமிநாசினி சோப்பு வாங்கித் தேய்த்திருக்கிறார்கள். ஏற்பாடு தணிகாசலம். தறியை நிறுத்திவிட்டு வந்த லோகநாதன் கூடுதலாகக் கற்பூரம் குழைத்துப் பூசியிருந்தார்.

டாக்டர் எடுத்த குச்சியைத் திரும்பப் பையில் செருகினார். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

தணிகாசலம் பெருமையாகச் சொன்னார்: "இன்னா சார் இப்டி கேக்கறீங்க? அவ்ளோ பெரிய ஆபீசரு வந்துகினு இருக்காரு. நம்ம தலையில கிருமி கீதுன்னு அவரு கண்டுபுடிச்சா, ஒங்களுக்குத்தானே அசிங்கம்? ஒண்ணுகூட இருக்காது சார். தாராளமா பாக்கச் சொல்லுங்க."

ஒன்றும் இல்லைதான். ஒரு வருடக் குடியேற்றம் ஒரு வாரத்தில் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. சில மாதம் விட்டு மறுபடி எடுக்கலாமே என்று நான் கேட்டேன். முதலில் வந்தது யார் என்பதில் தொடங்கி அறுபடாமல் போனால்தான் அது வரலாறு என்றார் டாக்டர். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவர் இறங்கும்போது, இதே தலைகள் மறுபடி மழுமழுவென்று கிடைத்தால் ஒரு வருடம் நீட்டலாம், இல்லையென்றால் ஆடி முடிவதற்குள் மூட்டை கட்டு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டுப் பார்க்கலாமே என்றேன். டாக்டர் மறுத்துவிட்டார். சாமிக்கென்று கொடுக்கிற முடியைத் தன் ஆராய்ச்சிக்குக் கேட்பது முறையில்லையாம். தவிர, மல்லிகா புருஷன் பிழைத்ததற்காக முடி கொடுத்தவள். அது கழுத்துவரை வளர்ந்து, அந்த மாதம்தான் இரண்டு ஹேர்பின் போட்டுக் கனகாம்பரம் வைக்க ஆரம்பித்திருந்தாள். அதை முதலில் கவனித்தவரும் தலை தவிர வேறெதையும் பார்க்காத டாக்டர்தான். அவளிடம் எந்த வாயால் கேட்பது?

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. டாக்டர் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் கீழிருந்து தணிகாசலம் குரல் கொடுத்தார்.

"சார், சீக்கிரம் பஞ்சு எடுத்தாங்க. தல வேவுது."

டாக்டர் எட்டிப் பார்த்தார். வாசலில் அத்தனை தலைகளும் நின்றன. ஈயம் பூசாத செம்புப் பாத்திரங்களைப் போல வெயிலில் சிவந்து, ஒரு பொட்டுச் சந்தனம் இல்லாமல், மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தோம். என் தலை எரிந்த எரிச்சலில் எனக்கு அன்றைய திதியே மறந்துபோயிற்று.

"யாரு போடச் சொன்னா?" என்றார், படியில் தடுமாறி இறங்கி வந்தவர்.

"யாரும் சொல்லல" என்றாள் மல்லிகா. "ஒங்க வேல நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினோம். இந்த வருசத்து முடி ஒங்களுக்குன்னு சாமிகிட்ட சொல்லிட்டோம்."

"பூ வச்சுட்டு இருந்தியேம்மா."

"பூ எங்க ஓடப் போவுது? நீங்க மொதல்ல கிருமி வந்துகிச்சான்னு பாருங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து குச்சியை உருவினார். முதல் குச்சியில் கண்ணீர் சொட்டிவிட, உப்பு பட்டால் மாதிரி கெட்டுவிடும் என்று முணுமுணுத்தபடி அதை எறிந்துவிட்டு வேறு குச்சி எடுத்தார். கடைசித் தலை முடிகிறவரை ஒருவரும் நிழலுக்கு ஒதுங்கவில்லை.

நீட்டித்த அந்த ஒரு வருடத்தில் ஆராய்ச்சி முடிந்தது. பெரியவர் மறுபடி வந்தபோது, யாரோ தெரிந்தவர் டீ குடிக்க வருகிறார் என்று மட்டும் ஊருக்குச் சொல்லப்பட்டது. கட்டுரை எங்கோ வெளிவந்து, டாக்டரை வேறு ஊருக்கு, பனிமலைக் கிருமிகளைப் பார்க்க அனுப்பிவிட்டார்கள். மல்லிகா இப்போது பின்னல் போட்டுப் பூ வைக்கிறாள்.

நான் ஆடிக் கிருத்திகை தவறாமல் முடி கொடுக்கிறேன். சந்தனக் கிண்ணத்தோடு வருகிறவரிடம், "கொஞ்ச நேரம் போவட்டும்பா" என்று சொல்லிவிட்டு, அடிவாரத்தில் வெறும் தலையோடு உட்கார்ந்திருப்பேன். யாராவது பஞ்சோடு ஓடி வந்தால், தீவு தயாராக இருக்க வேண்டாமா?