வலப்பக்கம் மட்டும் திரும்பிய வண்டி பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

இங்கு நானும் என் மனைவியும் மகளும், நம் இரு வீட்டுக்கும் பொதுவாக வந்து சேர்ந்திருக்கும் பேத்தியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக, முக்கியமாகச் சம்பந்தியம்மாவுக்குச் சளி பிடிக்காமல், இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அன்று வண்டியில் நடந்ததற்குப் போனிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் தாங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்று சொல்லிவிடுவீர்கள், அதைக் கேட்டு நான் இன்னும் கூனிக்குறுகிப் போவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று தங்கள் வீட்டார் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். நான் ஸ்கூட்டரில் வந்து நின்றேன். தாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் மகள் நீதிபதி வீட்டில் ஒரு படி தாழ்ந்து போய்விடக் கூடாதே என்று, என் கடைக்கு வாடிக்கையாக வரும் பல் டாக்டரிடமிருந்து அந்தப் பெரிய வண்டியை வாங்கினேன். பதினோரு வருடத்து வண்டி. "வெண்ணெய் மாதிரி போகும் சார்" என்றார். என் மனைவி மட்டும், "அடியில குனிஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஊர்க்காரர்களின் கண்ணைப் பார்த்தே பிழைக்கிற நான் அடியில் குனிந்து பார்க்கவில்லை. வாங்கிய வாரமே முன் சக்கரத்தில் கடகடவென்று ஒரு சத்தம். அதைச் சரிசெய்ததும் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டியது, எண்ணெயை நிறுத்தினால் ரேடியேட்டர் ஒழுகியது, ரேடியேட்டரை அடைத்தால் கியர் விழ மறுத்தது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம் சார்" என்று சொல்வதால் எங்கள் மெக்கானிக்குக்குப் பாக்கலாம் என்றே பெயர். "வண்டி நல்ல வண்டிதான் சார். வயசானா நமக்கு வர்றதுதான் இதுக்கும் வருது. மூட்டு வலி, மூச்சு வாங்கறது, அங்கங்க கசியறது" என்பார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். என் விஷயத்தில் சுண்டைக்காயே முக்கால் பணம், சுமைகூலிக்குக் கடையில் இருந்த பழைய கண் பரிசோதனைக் கருவியை விற்க வேண்டியதாயிற்று. இதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பேத்தி பிறந்த செய்தி கேட்டுத் தாங்கள் ரயிலில் புறப்பட்டபோது, "ஸ்டேஷன்ல டாக்சி பிடிச்சுக்கறோம்" என்றுதான் சொன்னீர்கள். நான்தான், "நம்மகிட்ட வண்டி இருக்கும்போது டாக்சி எதுக்கு சம்பந்தி" என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வதென்று இன்றுவரை யோசிக்கிறேன். ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்பு ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் நாடா ஒன்று அறுந்திருந்தது. இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். பாக்கலாம் வேறு நாடா வரவழைப்பதாகச் சொல்லி, "அதுவரைக்கும் லெஃப்ட்ல மட்டும் ஒடிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு இடப்பக்கத்துக்கு மூன்று வலப்பக்கம் என்று நான் கணக்குப் போட்டேன். தாங்கள் பெட்டியை ஏற்றும்போது "வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டீர்கள். "வெண்ணெய்" என்றேன். பிறகு நடுவில் ஒரு தெரு ஒருவழிப் பாதையாகிப் போனதால் கணக்கு தப்பி, சுற்றியதையே சுற்றினோம். "அந்த பங்க் மறுபடியும் வருதே" என்றீர்கள். "இந்தப் பேர்ல இங்க நெறைய பங்க் இருக்கு சம்பந்தி" என்றேன். மூன்றாவது முறை கடந்தபோது அங்கே காற்றடிப்பவர் நமக்குக் கையசைத்தார். தாங்களும் பதிலுக்குக் கையசைத்தீர்கள்.

சம்பந்தியம்மாவின் தலையில் தண்ணீர் கொட்டியது ஏசியால் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். காலையில் மழை பெய்திருந்தது. கூரையில் உள்ள கண்ணாடி ஜன்னலின் தண்ணீர்க் குழாய்கள் சருகு அடைத்துக் கிடந்தன. நாய் குறுக்கே வந்து நான் பிரேக் போட்டதும் அத்தனை தண்ணீரும் முன்னால் சாய்ந்து அவர்கள் மேல் இறங்கிவிட்டது. அவர்கள் "ஐயோ" என்றுகூடச் சொல்லாமல் கைக்குட்டையை எடுத்தார்கள். ஆக, தீர்ப்புச் சொல்லியே வாழ்ந்த ஒருவரிடம் ஒரே பயணத்தில் மூன்று பொய். எஞ்சின் பொறுத்துப் பார்த்து, ஆஸ்பத்திரித் தெருமுனையில் ஆவி விட்டு நின்றுவிட்டது. தாங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினீர்கள். தாங்கள் உள்ளே வந்தால் ஒரு கோர்ட்டே எழுந்து நிற்குமாம். என் கண்ணாடியில் தங்கள் நெற்றி வியர்வைதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலோ இடப்பக்கம். வேறு வழியில்லாமல் ஒடித்தேன். வாசலுக்குள் நுழைந்து நிற்கும்வரை ஹாரன் ஓயவில்லை. காவலாளி ஓடிவந்து, "ஆஸ்பத்திரின்னு தெரியலையா, எதுக்கு ஹாரன் அடிக்கறீங்க?" என்றார். "நான் அடிக்கல" என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அதுதான், அதைத்தான் யாரும் நம்பவில்லை.

அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் காவலாளி விடவில்லை. சம்பந்தியம்மா ஈரத்தலையோடு, தானே பின்னிய குட்டிச் சட்டை இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, "பரவாயில்லண்ணா, காலைல பாத்துக்கலாம். குழந்த எங்க ஓடிடப் போகுது?" என்றார்கள். அவர்கள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன். மறுநாள் என் மகள், "ஹாரன் சத்தம் கேட்டுதுப்பா. அத்தை மாமா வந்துட்டாங்கன்னு எழுந்து உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்" என்றாள். யாருக்காக அந்த வண்டியை வாங்கினேனோ அவளையே காக்கவைத்தது அது. நான் சாத்துக்குடி உரிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆகவே வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். மாலை தரகர் வருகிறார். இனி ஸ்கூட்டரே போதும். தங்களிடமும், கைகூப்பிச் சம்பந்தியம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை தங்கமானவர், இதுபற்றி வாயே திறக்கவில்லை. பேத்தி தங்கள் இருவரின் பொறுமையையும் கொண்டு நூறாண்டு வாழட்டும்.

என்றும் தலைகுனிந்த,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தரகர் வந்துவிட்டார். சக்கரத்தைக் காலால் உதைத்து, "எடைக்குப் போட்டா ஏதாவது தேறும். இதையா காசு குடுத்து வாங்கினீங்க? ஆள் பாத்து ஏமாத்தியிருக்காங்க" என்று சிரித்தார். இத்தனை நாளும் வண்டியைக் கரித்துக்கொட்டிய என் மனைவி கரண்டியோடு வெளியே வந்து, "என் வீட்டுக்காரர் ஏமாந்தவர்தான். அதச் சொல்ல நான் இருக்கேன், நீங்க கெளம்புங்க" என்றாள். அவர் போய்விட்டார். வண்டி நிற்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லிப் பாக்கலாமிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் தாங்கள் வரும்போது தயவுசெய்து டாக்சி பிடித்துவிடாதீர்கள், நானும் வண்டியும் ஸ்டேஷனுக்கு வருகிறோம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்ட பகுதி நன்றாக வந்திருப்பதால் அப்படியே அனுப்புகிறேன், அடுத்த முறைக்கும் சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.