மாப்பிள்ளை அனுப்பிய ஒயரில்லாப் பெட்டி

ராயபுரம்,
14.9.2008

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை திலீப் அவர்களுக்கு, மாமனார் ராமதாஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை குப்பம்மாவும் சௌகரியம். ஷார்ஜாவில் நீங்களும் பவானியும் பேத்தி மகிழினியும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சௌகரியமாக இருக்க வேண்டும் என்று அந்தோணியார் கோயில் வாசலைத் தாண்டும்போதும் கும்பிடுகிறேன், அங்காளம்மன் கோயில் வாசலைத் தாண்டும்போதும் கும்பிடுகிறேன். முதலில் நன்றி. உங்கள் நண்பர் பாஸ்கர் கையில் கொடுத்தனுப்பிய வெள்ளைப் பெட்டி வந்து இன்றோடு இருபது நாள் ஆகிறது. "பெட்டி எப்படி கீது மாமா?" என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் "அருமை மாப்பிள்ளை" என்று சொல்லிவந்தேன். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. முழு உண்மையைச் சொல்வதற்குள் உங்கள் போன் கார்டு தீர்ந்துவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பவானி பிரசவத்துக்கு வந்து, குழந்தையோடு ஐந்து மாதம் இங்கே இருந்தபோது எடுத்த போட்டோவும் வீடியோவும் எல்லாம் இங்கே வீட்டில் கிடந்த அந்தப் பழைய லேப்டாப்பில்தான் இருந்தன. கேமரா நிறைந்ததும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு கேமராவைக் காலி செய்வது அவள் வழக்கம். ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில், கைப்பை எடை கூடுகிறது, எதையாவது எடுங்கள் என்றார்கள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், குழந்தை வேறு அழுதது. நான் சட்டென்று லேப்டாப்பை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வஞ்சிரக் கருவாடு பையிலேயே இருந்துவிட்டது. லேப்டாப் ஷார்ஜாவில் கடைக்குக் கடை கிடைக்கும், காசிமேட்டுக் கருவாடு கிடைக்குமா என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது மாப்பிள்ளை. அதற்குள் என்ன இருக்கிறது என்பது பவானி உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஒரே வாரத்தில் லேப்டாப் உள்ளுக்குள்ளே கட் கட் என்று சத்தம் போட ஆரம்பித்தது. டோல்கேட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் உசேனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நைனா, இது ரொம்ப நாளு தாங்காது. உள்ள கீறத வெளிய எடுத்துடு" என்றான். வெளியே எடுப்பது எப்படி? சிடி போடும் இடத்தில் ஒரு பாட்டு சிடி சிக்கிக்கொண்டு போன தீபாவளியிலிருந்து வரமாட்டேன் என்கிறது. பென் டிரைவ் சொருகும் ஓட்டையெல்லாம் எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது. இதை உங்களிடம் போனில் சொன்ன அன்று, "கொயந்த மொத தபா சிரிச்சத நான் பாக்கல மாமா. குப்புற வுயுந்தத பாக்கல. அந்த வீடியோ ஒண்ணுதான் எனக்கு மிச்சம்" என்றீர்கள். கருவாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். மறுவாரமே, ஒயரே இல்லாமல் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் தானே இழுத்து வைத்துக்கொள்ளும் பெட்டியை வாங்கி அனுப்பிவிட்டீர்கள். இதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

பெட்டியை உசேன் வந்து மாட்டிக் கொடுத்தான். உள் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பெட்டி, கூடத்தில் என் நாற்காலி ஓரமாக லேப்டாப். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது தூசி படக்கூடாது என்று உங்கள் அத்தை அதற்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு உறை தைத்துப் போட்டுவிட்டாள். முதல் பேக்கப் முடிய ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஆகும் என்றான் உசேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டு மணிக்கு முப்பது சதவீதம், சாயங்காலம் எழுபது. நான் மனநிறைவோடு பாலத்துக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பினால், பெட்டியைக் காணவில்லை என்று லேப்டாப் எழுதிக் காட்டுகிறது. பெட்டி எங்கே போகும், உறைக்குள்ளேதான் இருக்கிறது. சரி, அசதியில் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பெட்டி கிடைத்துவிட்டது, ஆனால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை மாப்பிள்ளை, பதினாறு நாள். நடுவில் லேப்டாப் தூங்கிவிடக்கூடாது என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்ததில், சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் சொந்தக்காரர்களிடம் நான் வாங்கிய பேச்சு தனி.

உசேனும் சளைக்கவில்லை. பெட்டியை அலமாரி மேல் வைத்தான், பிரிட்ஜ் மேல் வைத்தான், நிலைக்கண்ணாடி தடுக்கிறது என்று அதைத் திருப்பி வைத்தான். சானல் மாற்றினான், பாஸ்வேர்டு மாற்றினான். "மொத தபா முழுசா முடிஞ்சாதான் அதுக்குக் கணக்கு நைனா. பாதில கட் ஆச்சுன்னா எல்லாத்தயும் அய்ச்சிட்டு மொதல்லருந்து வருது" என்றான். சரியாக ஆறு மணிக்கு மேல்தான் பெட்டி காணாமல் போகிறது என்பதை நான் கண்டுபிடித்தேன். முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் வேலை பார்த்தவன் அல்லவா, சாயங்காலம் கிளம்பும் கப்பல்களின் வயர்லெஸ்தான் நம் வயர்லெஸ்ஸை அடிக்கிறது என்று முடிவு கட்டினேன். இன்னும் வேலையில் இருக்கும் சுப்புராஜிடம் கப்பல் கிளம்பும் நேரம் எல்லாம் வாங்கி காலண்டரில் குறித்தேன். ஒரு கப்பலும் கிளம்பாத ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்குப் பெட்டி செத்துப்போனது. உசேன் அலுத்துப்போய், "பேஜாரு இன்னாத்துக்கு, ஒயர் ஒண்ணு மாட்டி ஏத்திடலாம் நைனா. நெட் ஒயர் சொருகுற ஓட்ட ஒண்ணுதான் யாரும் தொடாம மூடியோட புதுசா கீது" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஒயர் இல்லாத பெட்டி என்று பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பியிருக்கிறார், அதற்கு நான் ஒயர் மாட்டினால் அவர் பொருளைக் குறை சொன்னதாகாதா என்று அவனைத் திட்டி அனுப்பிவிட்டேன். அதற்குள் லேப்டாப்பின் கட் கட் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஆறு மணிக்கு நான் டீக்கடையில் இருப்பவன், பெட்டி சாவதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. முந்தாநாள் டீக்கடைக்குப் போவதுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டு போய், சந்து திரும்பி, ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்தேன். உங்கள் அத்தை முகம் கழுவி, விளக்கேற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே கையோடு பெட்டியின் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற குப்பம்மா?" என்றேன்.

"இன்னா பண்றனா? வெளக்கு வெச்சாச்சு, கொயந்தய உள்ள கூப்டுறேன்" என்றாள்.

"எந்தக் கொயந்த?"

"நீதானய்யா சொன்ன, ஒயரே இல்ல, போட்டோ எல்லாம் காத்துலதான் போதுன்னு. அந்தி நேரத்துல பச்சப்புள்ளய யாராவது காத்துல வுடுவாங்களா? மூணு மாசத்துப் புள்ள, குளிச்சு துணியில்லாம கெடக்குற போட்டோ, காத்து கருப்பு அண்டாதா? அதான் ஆறு மணிக்கு நிறுத்திட்டு, காலீல வாசத் தெளிச்ச பின்னாடி போட்டு வுடுறேன். பகல்ல போவட்டும், யாரு வாணான்னா?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அது போட்டோதான், குழந்தை இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு நீயும் உன் மாப்ளயும் அதுக்கு இப்டி அடிச்சிக்கிறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். நியாயம் கேட்க உசேனைக் கூப்பிட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வூட்லயும் சாயங்காலத் தொயுக, மக்ரிப் நேரத்துல கொயந்தய வெளிய வுட மாட்டாங்க நைனா, அம்மா சொல்றது கரீட்டுதான்" என்று அவள் பக்கம் போய்விட்டான். பிறகு அவனே அவளிடம், "அம்மா, ஒயர் மாட்டிட்டா கொயந்த ஒயருக்குள்ளாறயே இந்த ரூம்புலருந்து அந்த ரூம்புக்குப் போய்டும். காத்தே படாது" என்றான். அவள் ஒயரை வாங்கி இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் பிய்ந்திருக்கவில்லை. சரி என்றாள்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு ஒயரை மாட்டினோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நூறு சதவீதம் முடிந்துவிட்டது. இன்று காலை லேப்டாப்பைத் தட்டினேன், அது எழுந்திருக்கவே இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. ஒரே ஒரு நாள் வித்தியாசம் மாப்பிள்ளை. உங்கள் பெட்டிக்கு ஒயர் மாட்டியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் அத்தை மேலும் கோபம் வேண்டாம், பதினாறு நாளும் அவள் உங்கள் பிள்ளையைப் பாதுகாத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத ஐந்து மாதத்தையும், நீங்கள் பார்க்காத அந்த முதல் சிரிப்பையும் லீவு முடிந்து திரும்பும் பாஸ்கர் அடுத்த வாரம் பத்திரமாகக் கொண்டுவருவார். உசேனுக்கு நன்றி, சுப்புராஜுக்கு நன்றி, ஒரு நாள் கூடுதலாகத் தாங்கிய லேப்டாப்புக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக உங்களுக்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், தினமும் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ராமதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன், பெட்டியில் ஏறியதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று உசேன் தன் கடைக் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் இங்கே கொண்டுவந்து அந்தச் சிரிப்பு வீடியோவைப் போட்டுக் காட்டினான். நம் லேப்டாப் எப்போதோ ஊமையாகிவிட்டதால் இதுவரை நாங்கள் அதைச் சத்தத்தோடு பார்த்ததே இல்லை. எடுத்த அன்றைக்கும் நாங்கள் கூத்தாடிய கூத்தில் குழந்தை எதற்குச் சிரித்தது என்று யாரும் கவனிக்கவில்லை. மகிழினி பாயில் கிடக்கிறாள். பக்கத்தில் என் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. "ஹலோ, ஹலோ, மாமா, கேக்குதா, ஹலோ" என்று நீங்கள்தான் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஹலோவுக்கும் அவள் ஒரு சிரிப்பு சிரிக்கிறாள், நீங்கள் நிறுத்தினால் நிறுத்துகிறாள். ஆகவே, நீங்கள் அப்போது இல்லை என்று மேலே நான் எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடைசியில் நீங்கள், "லைன்ல இன்னாவோ கீச்சு கீச்சுனு சத்தம் வருது மாமா, அப்பால பண்றேன்" என்று வைத்துவிட்டீர்கள். அந்தச் சத்தம்தான் அவள் சிரிப்பு மாப்பிள்ளை.