குடும்பத்தோடு நேரம் செலவிடும் பொருட்டு

சரக்கு லாரி இப்போது எந்த ரோட்டில் போகிறது என்று காட்டும் மென்பொருளைப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் எழுதி, அதைச் சுற்றி ஒரு நிறுவனத்தையும் எழுப்பிய நிறுவனருக்கு ஒரு நாள் சலித்துப்போயிற்று. மனுஷனுக்குச் சலிப்பு வருவது உலகத்தில் புதுசில்லை. அவர் அதை எழுத்தில் கொடுத்ததுதான் தப்பு.

ராஜினாமாக் கடிதத்தில், காரணம் என்ற இடத்தில், 'சலித்துவிட்டது' என்று எழுதியிருந்தார். நிர்வாகக் குழு இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டது. அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் மொத்தம் ஏழு. அதில் சலிப்பு இல்லை. உடல்நலம் என்றால் பங்குதாரர்கள் பயப்படுவார்கள். புதிய கனவுகள் என்றால் போட்டிக் கம்பெனி தொடங்கப்போகிறார் என்று புரளி கிளம்பும். ஆகவே, 'குடும்பத்தோடு நேரம் செலவிடும் பொருட்டு விலகுகிறார்' என்று அறிக்கை போயிற்று. விலகுகிற எல்லாரும் சொல்வதுதான். யாரும் நம்புவதில்லை, அதனால் யாருக்கும் சேதமும் இல்லை.

ஆனால் மூன்றாவது மாடியில் சரிபார்ப்பு அதிகாரி என்று ஓர் அம்மா இருந்தார். நிறுவனம் வெளியே சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் நிஜம்தானா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அந்தப் பதவியை உண்டாக்கி, யாருக்கும் விலக்கு கிடையாது என்று சட்டம் போட்ட புண்ணியவான் நிறுவனரேதான்.

"சார், ஆதாரம் வேணும்" என்றார் அதிகாரி.

"எதுக்கும்மா?"

"குடும்பத்தோட நேரம் செலவிடுறதுக்கு."

"அது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது."

"அப்போ பங்குதாரர்கள்கிட்ட பொய் சொல்லிட்டோம்னு எழுதிடட்டுமா சார்?"

மூன்று வாரம், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் குடும்பத்தோடு இருக்க வேண்டும், மனைவியும் மகளும் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. கையெழுத்து இல்லையென்றால் காரணம் பொய். காரணம் பொய்யென்றால் ராஜினாமா செல்லாது, பழைய நாற்காலியிலேயே போய் உட்கார வேண்டும். நாற்பது ஏன் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல அவ்வளவு நேரம் இருந்தீங்க. அதை அப்படியே வீட்டுக்கு மாத்துறோம், அவ்வளவுதான்" என்றார் அதிகாரி.

மனைவி பல் டாக்டர். வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் கிளினிக். நிறுவனர் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மனைவி பல் பிடுங்கும்போதெல்லாம் "இதை இன்னும் வேகமா செய்யலாமே" என்று யோசனை சொன்னார். பதினோரு வயசு மகளிடம் தினமும் காலையில் முன்னேற்றக் கூட்டம் நடத்தினார். இரண்டாவது வாரம் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவது வாரம் மனைவி, கேட்காத நோயாளிகளுக்கெல்லாம் சாயங்காலத்தில் நேரம் கொடுத்தார்.

அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரித்தார்.

"சார் நாற்பது மணி நேரம் வீட்ல இருந்தாரா மேடம்?"

"ஓ, பேஷா இருந்தார். அவர் வந்ததுல இருந்து எங்களுக்குத்தான் குடும்பத்தோட இருக்க நேரமே கிடைக்கல."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். "கையெழுத்து?"

"போட மாட்டேன். போட்டா அடுத்த மாசமும் இப்படியேதானே இருப்பார்?"

ஆபீஸில் ஆள் வேண்டாமென்றால் நாசூக்காகச் சொல்வார்கள். இங்கே பட்டென்று சொல்லிவிட்டார்கள். தன் வீட்டில் தனக்கென்று ஒரு இடம் காலியாகக் காத்திருக்கும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்த நிறுவனருக்கு, நிஜமாகவே வலித்தது. வெட்கத்தை விட்டு மகளைப் பார்த்தார்.

"நீயாவது சொல்லும்மா. நான் எவ்வளவு நேரம் இருக்கணும்?"

மகள் நன்றாக யோசித்தாள். "சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு வரைக்கும். கையில போன் இருக்கக் கூடாது. கேள்வி கேக்கக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"முதல்ல அதை இருந்து காட்டுங்கப்பா."

வாரத்துக்கு நாற்பது எங்கே, நாளுக்கு ஒன்று எங்கே என்று அதிகாரி கையைப் பிசைந்தார். பிறகு ஊழியர் நலக் கணக்கெடுப்பைப் புரட்டினார். வேலை நாளில் ஓர் ஊழியர் குடும்பத்தோடு செலவிடும் நேரம் சராசரியாகப் பதினோரு நிமிஷம். அதோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம் என்பது அசாதாரணமான, வேலையை விட்டவரால் மட்டுமே முடியக்கூடிய அளவு என்று குறிப்பு எழுதினார். மனைவியும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள். ராஜினாமா செல்லுபடியாயிற்று.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டது: 'மேற்படி முன்னுதாரணத்தின்படி, நாளொன்றுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ குடும்பத்தோடு செலவிடும் எவரும் நிறுவனத்தை விட்டு விலகியவராகவே கருதப்படுவார்.' நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும், 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற பொத்தானை மறுபேச்சில்லாமல் அழுத்தினார்கள்.

ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. விதிகளைப் பற்றிய சந்தேகமெல்லாம் நிறுவனருக்குப் போவதுதான் வழக்கம், அந்த வழியை யாரும் இன்னும் அடைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம், கத்தரிக்கோலும் வண்ணக் காகிதமும் பரப்பி வைத்துக்கொண்டு மகள் எதிரே உட்கார்ந்திருந்தபோது, போனில் அது வந்து விழுந்தது. கேட்டவர் சரிபார்ப்பு அதிகாரி. 'என் பையன் என் பக்கத்தில் படுத்துத் தூங்கும் நேரம் இந்த ஒரு மணியில் சேருமா?'

"ஒரே நிமிஷம்மா" என்றார் நிறுவனர். சுற்றறிக்கையையும் கேள்வியையும் மகளுக்கு உரக்கப் படித்தும் காட்டினார். பாவம், நியாயமான சந்தேகம்தானே. 'சேராது' என்று எழுதினார். பையன் தூக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்? அதற்கு ஓர் உட்பிரிவு போட்டார். பிடித்த கையை விட்டுவிட்டால்? அதற்கு இன்னொன்று. அடித்துத் திருத்தி, ஒன்பது உட்பிரிவுகளோடு அனுப்பிவிட்டு நிம்மதியாக நிமிர்ந்தபோது மணி எட்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

மகள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"அந்தச் சட்டப்படி பார்த்தா, நீங்க இன்னும் ஆபீஸை விட்டு வரவே இல்லப்பா" என்றாள்.