காப்பகக் கதவில் ஒரு குளவி

தாய்மைக்கு இலக்கணம் வகுக்கும் யோக்கியதை மனிதப் பிறவிக்குக் கிடையாது. அது குளவிக்கே உரியது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் மனிதவள மேலாளர் புகழேந்தி.

கம்பெனியின் 'குழந்தைகள் காப்பகம்' கதவில், சாவித் துவாரத்துக்குள் ஒரு குளவி மண் அப்பிக்கொண்டிருந்தது. உள்ளே தொட்டில், பொம்மை, சுவரில் யானைப் படம் எல்லாம் உண்டு. வெளிநாட்டு ஆர்டருக்காக ஆய்வுக்கு ஆள் வந்தால் மட்டும் அறையைத் திறப்பார்கள். குழந்தைகளை விட்டால் அழுக்காகிவிடும் அல்லவா?

பியூன் அந்தோணி துடைப்பக் குச்சியோடு வந்தார். "குத்தி எடுத்துடவா சார்?"

"கை வெக்காத. குளவி கூடு கட்னா விசேஷம்பாங்க. எம்பொண்ணு முழுகாம இருக்கா."

அன்று முதல் குளவிமேல் புகழேந்திக்குப் பக்தியே வந்துவிட்டது. போனில் தேடித் தேடிப் படித்தார். தையல் பிரிவுப் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"குளவி ஒண்டியா கூடு கட்டுது. புழுவக் கொட்டி, சாகாம மயக்கத்துலயே உள்ள அடுக்குது. முட்டைய வெச்சு, மண்ணால மூடிட்டுப் போய்ட்டே இருக்குது. லீவு கேக்குதா? பர்மிஷன் கேக்குதா?"

தையல்காரி அமிர்தவள்ளி எழுந்தாள். "பாப்பாவப் பாத்துக்கின பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்கா பேரணாம்பட்டுக்கே குடி போய்ட்டாங்க சார். காப்பகத்தத் தொறந்தாதான் நான் வேலைக்கு வர முடியும். இல்லன்னா நின்னுட வேண்டியதுதான்."

"குளவிக்கு இன்னா, பக்கத்து வீட்டு அக்காவா இருக்காங்க? யோசிச்சுப் பாரும்மா" என்றார் கனிவாக. அவள் மறுநாளிலிருந்து வரவில்லை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆய்வுக்கு ஷர்மிளா மேடம் வந்தார். காப்பகக் கதவில் சாவி நுழையவில்லை. அந்தோணி ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். புகழேந்திக்கு மகள் முகம் கண்முன் வந்தது. கூட்டை உடைக்கப் பயமாக இருந்தது.

"மண்ணு கல்லாட்டம் காஞ்சிருக்கு. இதத் தொறக்கறதே இல்லையா?" என்றார் மேடம்.

"டெய்லி தொறக்கறோம் மேடம். குழந்தைங்க ஜாஸ்தி."

கணக்கு முடிக்க வந்த அமிர்தவள்ளி, இடுப்பில் குழந்தையோடு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். மேடம் அவளிடம் திரும்பினார்.

"உங்க பாப்பாவ இங்கதான் விடறீங்களா?"

"இல்ல மேடம். கொழந்தைய வுட்டுட்டு வேலைக்குப் போக இந்தக் கம்பெனில எடம் கெடைச்சது அந்தக் குளவிக்கு மட்டும்தான்."