நாலு டிராக் அண்ணாச்சியும் முப்பத்தோராம் பக்கமும்

ஒரு தெருவையே தும்மவிடாமல் அடக்கி வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக்குப் பின்தெருவில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நாலு டிராக் அண்ணாச்சி. அவர் வாசலில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே பாட்டுப் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். பதநீர்க்காரர் கூவாமல் கையை மட்டும் ஆட்டுவார். தபால்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணாச்சியின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். சாதாரண கேசட்டில் நாலு பேரின் சத்தத்தை நாலு டிராக்காகத் தனித்தனியே பதியும் மெஷின். அன்றோடு அண்ணாச்சியின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோனது.

எங்கள் கல்லூரிப் பாட்டுக் குழுவிலும் சரியாக நாலு பேர். ஸ்டீபன் பாடுவான். ஒருவன் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், நான் வாடகைக் கீபோர்டு. கல்லிடைக்குறிச்சியில் பொங்கல் விழாவுக்கு மேடை கேட்டிருந்தோம். "மொதல்ல ஒரு கேசட்டு குடுங்க, கேட்டுட்டுச் சொல்லுதோம்" என்றது கமிட்டி. அந்த மேடை கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் ஸ்டீபன் தன் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும் என்பது அவன் அப்பாவின் தீர்ப்பு. ஸ்டீபன் போனால் குழுவும் போச்சு.

"ஒருத்தன் சத்தம் இன்னொருத்தன் மேல விழப்பிடாது. சாம்பாரு ஒரு சட்டி, ரசம் ஒரு சட்டி. இலையில விழும்போது தானா கலந்துக்கிடும்" என்று அண்ணாச்சி எங்களை வீடு முழுக்கப் பிரித்துப் போட்டார். டிரம்ஸ் அடுப்படியில், கிட்டார் பூஜை அறையில், ஸ்டீபன் குளியலறையில் ஜமுக்காளத்துக்குள், நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவில். இருந்தது ஒரே ஹெட்போன். அது அண்ணாச்சி தலையில். அதனால் எங்கள் நாலு பேர் கால் கட்டைவிரலிலும் சணல் கயிறு கட்டி, நுனிகளைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஒருமுறை இழுத்தால் ஆரம்பம், இருமுறை இழுத்தால் நிறுத்து.

"அடுப்படிக்குள்ள கொட்டு அடிக்குதான், நான் எங்கன போயி சோறு பொங்க?" என்று அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, கேட்டாள்.

"இன்னைக்கு ஒருநாள் ஓட்டல்ல வாங்கிக்கிடுவோம்."

"நாலு நாளா இன்னைக்கு ஒருநாள்னுதான் சொல்லுதிய!"

பதினோராவது தடவை கயிறு இழுத்த வேகத்தில் டிரம்ஸ்காரன் தோசைமாவுக்குள் காலை விட்டான். அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றாமலே, "அந்தச் சத்தம் நல்லாருக்குலே, இருக்கட்டும்" என்றார்.

அண்ணாச்சிக்கு எந்த மெஷினையும் பிரித்து மாட்டத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். "படிச்ச புள்ள வாசிக்கட்டும்" என்று மெஷினோடு வந்த இங்கிலீஷ் மானுவலை என்னிடம் கொடுத்திருந்தார். முப்பது பக்கம் தட்டுத் தடுமாறி வந்துவிட்டேன். முப்பத்தோராம் பக்கம் முழுக்க அம்புக்குறிகள். ஒரு வரி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"இதுல என்னலே போட்டுருக்கு?"

"பதிவு முடிஞ்சதும் மெஷின நல்லாத் துடைச்சு வைக்கணுமாம் அண்ணாச்சி."

"ஒரு பக்கம் பூராவுமா?"

"வெளிநாட்டுக்காரன் சுத்தம் பாப்பாம்லா."

அண்ணாச்சி நம்பினார். கடைசிப் பதிவு முடிந்ததும் புது மல்வேட்டியில் ஒரு முழம் கிழித்து, சாமி படம் துடைப்பதுபோல் மெஷினைத் துடைத்தார். அதிலேயே போட்டுக் கேட்டோம். நாலு சத்தமும் ஒன்றாக, அற்புதமாக வந்தது. கேசட்டை உருவிக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறினோம். அண்ணாச்சியும் சலவைச் சட்டையோடு வந்தார்.

கமிட்டித் தலைவர் அப்பள வியாபாரி. தன் டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டார். டிரம்ஸும் கீபோர்டும் மட்டும் கேட்டன. அதுவும் யானை தூக்கத்தில் நடப்பதுபோல்.

"பாடுதவன் எங்கவே?"

"பின்பக்கம் இருப்பான்" என்று பக்கத்திலிருந்தவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஸ்டீபன் இருந்தான். அடித்தொண்டையில், கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் தலைகீழாகப் பாடிக்கொண்டிருந்தான். முற்றத்தில் அப்பளம் காயப்போட்ட பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சவத்த நிறுத்துங்கவே! பாட்டு கேட்டா பேய் ஓட்டுததக் கொண்டாந்திருக்கானுவ!"

ஸ்டீபன் உர மூட்டையைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்தார்.

"எம்மேலதான் தப்பு, தலைவரே. அவசரத்துல கலக்காம எடுத்தாந்துட்டேன். சாயங்காலம் நல்ல கேசட்டோட வாரேன்."

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மானுவலை மடியில் வைத்தார். "பைய வாசி. புரியலன்னா புரியலன்னு சொல்லு."

வீரவநல்லூர் தாண்டும்போது பாதி புரிந்தது; சேரன்மகாதேவியில் மீதி. இந்த மெஷின் கேசட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, இரண்டு பக்கத்து இடத்தையும் சேர்த்து நாலு தடமாகப் பதியும். வேறு டேப் ரிக்கார்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது. நாலையும் ஒயர் வழியாக இன்னொரு டேப்பில் ஒன்றாக இறக்கினால்தான் ஊருக்குக் கேட்கும். முப்பத்தோராம் பக்கம் அதைத்தான் சொன்னது.

"அப்போ இலையே போடாம சட்டியத் தூக்கிக் குடுத்திருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்ததும் மெஷினை மைக் செட் டேப்போடு ஒயர் போட்டுச் சேர்த்து, நாலு சத்தத்துக்குமான திருகுகளை உப்புப் பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினார். சாயங்காலம் தலைவர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். மாவுச்சட்டிச் சத்தம் வந்த இடத்தில் தலையாட்டி, "இது என்ன வாத்தியம்வே? பொங்கலன்னைக்கு அதையும் கொண்டாந்திருங்க" என்றார். ஸ்டீபன் அங்கேயே அழுதுவிட்டான்.

"என்னைய ஏன் அண்ணாச்சி காட்டிக் குடுக்கல?" என்று நான் பிறகு தனியாகக் கேட்டேன்.

"இருக்கது ஒரே ஒரு படிச்சவன். அவனையும் நாலு பேரு முன்னால கெடுத்துட்டா, அடுத்த மெஷினுக்கு எவம்லே வாசிச்சுச் சொல்லுவான்?"

மறுநாள் போனபோது, மல்துணியை எடுத்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியைத் திரும்பப் பெற்றிருந்த மதினி எட்டிப் பார்த்தாள். "அதான் எல்லாம் முடிஞ்சிட்டுல்லா, இன்னும் என்னத்துக்குத் துடைக்கிய?"

"மானுவல்ல போட்டுருக்கு. தம்பி வாசிச்சுச் சொல்லிருக்காம்லா" என்றார், என்னைப் பார்க்காமலே.

நாங்கள் பிரிந்து வேலைக்குப் போகும்வரை ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் துடைத்தார். அந்த மெஷின் மேல் ஒரு தூசி படியவிடவில்லை அவர். என் மேலும்தான்.